தூர் நகர ஆயர் புனித மார்ட்டின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் மாதம் வந்தால் மறைக்கல்வி வகுப்புகளிலும், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களிலும் இவரைப் பற்றிய பேச்சு எழும். போர்வையைப் பாதியாக வெட்டிப் பிச்சைக்காரருக்குக் கொடுத்தவர் என்பதோடு பலருக்கும் அவர் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அது நடந்தபோது அவர் ஆயரும் அல்ல, துறவியும் அல்ல, திருமுழுக்குக்கூடப் பெறவில்லை. அந்தப் போர்வைக்கு அப்பால் உள்ள மார்ட்டினையும் நம் மக்கள் அறிய வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தக் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த மார்ட்டின்?

4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர். இன்றைய ஹங்கேரியின் சோம்பத்தேய் நகரில், அன்று உரோமைப் பேரரசின் பன்னோனியா மாநிலத்துச் சபாரியாவில் பிறந்தார். வளர்ந்தது இத்தாலியின் பவியாவில். உரோமைப் படையில் வீரராக இருந்து, பிறகு துறவியாகி, 371-இல் பிரான்சு நாட்டில் லோவார் நதிக்கரையில் உள்ள தூர் நகரின் ஆயரானார். 397 நவம்பர் 8 அன்று இறந்தார். 11 அன்று அடக்கம் செய்யப்பட்டார். அடக்க நாளே இன்றுவரை அவருடைய திருநாள். மறைசாட்சியாக இரத்தம் சிந்தாமலே மேற்குத் திரு அவையில் புனிதராகப் போற்றப்பட்ட முதல் சிலரில் ஒருவர்.

கையில் துடைப்பத்தோடு நிற்பாரே, அந்தப் புனித மார்ட்டினா?

இல்லை. அவர் மார்ட்டின் தெ போரஸ். பெரு நாட்டின் லீமாவில் 1579 முதல் 1639 வரை வாழ்ந்த தொமினிக்கன் சபைச் சகோதரர். அவர் திருநாள் நவம்பர் 3. எட்டு நாள் இடைவெளியில் இரண்டு மார்ட்டின்களின் திருநாளும் வருவதால் குழப்பம் இயல்புதான். சுரூபத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு: கருப்பு வெள்ளை அங்கி, துடைப்பம், காலடியில் எலி, பூனை, நாய் என்றால் லீமா மார்ட்டின். குதிரை, வாள், பாதிப் போர்வை என்றால் தூர் மார்ட்டின். ஆயருக்குரிய தலைப்பாகையோடும் செங்கோலோடும் பக்கத்தில் ஒரு வாத்தோடும் நிற்பவரும் இவரே.

இவரைப் பற்றி எழுதியவர் யார்? அதை எவ்வளவு நம்பலாம்?

மற்ற பல பழைய புனிதர்களுக்குக் கிடைக்காத பேறு மார்ட்டினுக்குக் கிடைத்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் சுல்பீசியுஸ் செவேருஸ். தென்மேற்குப் பிரான்சின் செல்வக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர். மனைவி இறந்த பிறகு உலக வாழ்வைத் துறந்தவர். மார்ட்டினை நேரில் போய்ப் பார்த்தார். கைகழுவத் தண்ணீர் ஊற்றியதும், மாலையில் தம் கால்களைக் கழுவியதும் ஆயர் மார்ட்டினே என்று எழுதுகிறார். தடுக்கவோ மறுக்கவோ தமக்குத் துணிவு வரவில்லையாம்.

வாழ்க்கை வரலாற்றை முடித்த பிறகு மூன்று கடிதங்களையும், நண்பர்கள் பேசிக்கொள்வதுபோல் அமைந்த உரையாடல்களையும் எழுதினார். அவற்றில்தான் மார்ட்டினின் மரணமும், பிற்பாடு நான் சொல்லப்போகும் த்ரியர் நிகழ்வும் வருகின்றன.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுல்பீசியுஸ் தம் குருவை அளவில்லாமல் நேசித்தவர். மார்ட்டினை வெறுத்த ஆயர்களுக்குப் பதில் சொல்லவும் எழுதினார். இறைவாக்கினர் எலியாவைப்போல, திருத்தூதர்களைப்போலத் தம் ஆசான் இருக்க வேண்டும் என்ற விருப்பம் வரிக்கு வரி தெரிகிறது. அருஞ்செயல்களைச் சொல்லும்போது மகிழ்ச்சியாகச் சொல்லும் அவர், மார்ட்டினுக்கு இடறலான செய்திகளையும் மறைக்காமல் சொல்கிறார். அப்படிப்பட்ட இடங்களில் அவரை நான் முழுமையாக நம்புகிறேன். தூர் நகர ஆயராக இருந்த கிரகோரியார் 6-ஆம் நூற்றாண்டில் எழுதியவை இரண்டாவது ஆதாரம். வாத்துக் கதை போன்றவை அதற்கும் பின்னால் வந்தவை.

விரும்பித்தான் படையில் சேர்ந்தாரா?

இல்லை. பெற்றோர் பிற சமயத்தவர். தந்தை படையில் அதிகாரி. பத்து வயதில் வீட்டாருக்குத் தெரியாமல் கோவிலுக்கு ஓடிப்போய், தன்னைத் திருமுழுக்குக்குத் தயாரிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான் சிறுவன். பன்னிரண்டு வயதில் காட்டுக்குப் போய்த் தவம் செய்ய ஆசை. ஓய்வுபெற்ற வீரர்களின் பிள்ளைகள் படையில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று பேரரசு ஆணை போட்டபோது, மகனைக் காட்டிக்கொடுத்தவர் தந்தையே. பதினைந்து வயதுப் பையனைப் பிடித்துச் சங்கிலியிட்டு உறுதிமொழி வாங்கினார்கள்.

படையில் அவருக்கு ஓர் அடிமைப் பணியாளன் இருந்தான். அவன் காலணிகளைக் கழற்றித் துடைத்துவைத்தது மார்ட்டின். சேர்ந்தே சாப்பிட்டார்கள், பெரும்பாலும் பரிமாறியவரும் மார்ட்டின்தான். போர்வைக் கதையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. வழியில் ஒருமுறை காணும் ஏழைக்கு இரங்குவது ஒன்று. தினமும் தன் கீழ் வேலைபார்ப்பவனின் செருப்பைத் துடைப்பது வேறு.

போர்வை நிகழ்வு உண்மையில் எப்படி நடந்தது?

வடபிரான்சின் ஆமியான் நகர வாயில். வழக்கத்தைவிடக் கொடிய குளிர்காலம்; பலர் குளிரில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆடையில்லாத ஓர் ஏழை போவோர் வருவோரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். எல்லாரும் கடந்துபோனார்கள். மார்ட்டினிடம் வாளும், உடுத்தியிருந்த ஒற்றைப் போர்வையும் தவிர எதுவும் இல்லை. மற்ற உடைகளை முன்பே தானம் கொடுத்தாயிற்று. வாளை உருவிப் போர்வையை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்தார். மறுபாதியைத் தான் போர்த்திக்கொண்டார். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிலர், தங்களிடம் அதிகம் இருந்தும் கொடுக்கவில்லையே என்று வெட்கப்பட்டார்கள்.

அன்றிரவு கனவில், அந்தப் பாதிப் போர்வையை அணிந்தவராகக் கிறிஸ்து தோன்றினார். சுற்றி நின்ற வானதூதர்களிடம், இன்னும் திருமுழுக்குப் பெறாத மார்ட்டின் எனக்கு இதை உடுத்தினான் என்று சொன்னார். மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தின் "ஆடையின்றி இருந்தேன்" என்ற வசனம் கண்முன் நடப்பதுபோல இருக்கிறது.

ஓவியங்களில் வரும் இரண்டு விவரங்கள் சுல்பீசியுஸ் எழுதியதில் இல்லை. அந்த இடத்தில் குதிரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மார்ட்டின் குதிரைப்படையில் இருந்ததால் ஓவியர்கள் சேர்த்துக்கொண்டது அது. போர்வையின் நிறத்தையும் அவர் சொல்லவில்லை. சிவப்பு ஓவியர்களின் விருப்பம்.

முழுப் போர்வையையும் கொடுத்திருக்கலாமே? ஏன் பாதி?

பாதிப் போர்வை படைக்குச் சொந்தம், பாதிதான் வீரனுக்குச் சொந்தம் என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய வரலாற்றில் அது கிடையாது. முழுதும் கொடுத்தால் இவர் அந்தக் குளிரில் இறந்திருப்பார், அவ்வளவுதான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் படித்து வளர்ந்த நமக்கு, பாதி கொடுத்தது குறைவாகத் தோன்றலாம். பேகன் அரசன்; அரண்மனைக்குப் போனால் வேறு போர்வை உண்டு. மார்ட்டினிடம் வேறு இல்லை. இருவரும் சரிபாதிக் குளிரைத் தாங்கினார்கள்.

போருக்குப் பயந்து படையை விட்டு விலகினாரா?

அப்படித்தான் அன்றே குற்றம் சாட்டினார்கள். சாட்டியவர் பின்னாளில் பேரரசரான யூலியன். ஜெர்மானியர்கள் எல்லைக்குள் புகுந்திருந்த நேரம். வோர்ம்ஸ் நகருக்கருகே போருக்கு முன்பு வீரர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்ட்டினின் முறை வந்தபோது, இதுவரை உமக்குப் பணிசெய்தேன், இனிக் கடவுளுக்குப் பணிசெய்ய விடும், நான் கிறிஸ்துவின் வீரன், போரிடுவது எனக்குத் தகாது என்று சொல்லிப் பணத்தை மறுத்தார். நாளைய போருக்குப் பயந்து பேசுகிறாய் என்றார் யூலியன். அப்படியானால் நாளை ஆயுதம் ஏதும் இல்லாமல் முன்வரிசையில் நிற்கிறேன் என்று மார்ட்டின் பதில் சொன்னார். அவரைக் காவலில் வைத்தார்கள். மறுநாள் எதிரிகள் சமாதானம் கேட்டுத் தூது அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. சுல்பீசியுஸ் சொல்வதைக் கூட்டிப்பார்த்தால், திருமுழுக்குக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளே மார்ட்டின் படையில் இருந்தார். யூலியன் அப்பகுதியில் இருந்தது 356-இல். அப்படியானால் மார்ட்டின் 336 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். கிரகோரியாரோ கான்ஸ்டன்டைன் ஆட்சியின் 11-ஆம் ஆண்டில், அதாவது 316 வாக்கில் பிறந்து 81 வயதில் இறந்தார் என்கிறார். அது சரியென்றால் அவர் நாற்பது வயதுவரை, இருபத்தைந்து ஆண்டுகள் முழுதாகப் படையில் இருந்திருக்கிறார். முன்னாள் படைவீரர் ஆயராவதை அக்காலத்தில் பலர் ஏற்கவில்லை. அதனால் சுல்பீசியுஸ் அந்த ஆண்டுகளைச் சுருக்கியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. நீண்ட காலம் வீரராக இருந்து பிறகு வாளை வைத்திருந்தால் அந்த முடிவின் கனம் கூடத்தானே செய்யும்?

துறவியானது எப்படி?

புவாத்தியே நகர ஆயர் புனித ஹிலாரியிடம் போனார். ஹிலாரி அவரைத் திருத்தொண்டராக்க, அதாவது குருவுக்கு அடுத்த படியில் அமர்த்த விரும்பினார். தகுதியில்லை என்று மறுத்து, பேயோட்டுபவர் என்ற சிறிய பொறுப்பை மட்டும் ஏற்றார். பெற்றோரைப் பார்க்கப் போனபோது தாய் கிறிஸ்தவரானார். தந்தை கடைசிவரை ஆகவில்லை. கிறிஸ்துவின் முழு இறைத்தன்மையை ஏற்காத ஆரியுஸ் கொள்கையினரை எதிர்த்ததால் சாட்டையடி வாங்கினார், மிலானிலிருந்து துரத்தப்பட்டார், ஒரு தீவில் வேர்களைத் தின்று வாழ்ந்தார். 361 வாக்கில் புவாத்தியேவுக்கு அருகில் லிகுஜே என்ற இடத்தில் அவர் அமைத்த குடில், பிரான்சின் மிகப் பழைய துறவு மடமாகக் கருதப்படுகிறது.

ஆயராக விருப்பமில்லாமல் வாத்துக் கொட்டிலில் ஒளிந்தாரா?

கொட்டிலில் ஒளிந்தார், பெருவாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டன என்பது பிற்காலக் கதை. ஆனால் ஆயராக அவர் மறுத்தது உண்மை. தூர் நகரத்தார் அவரை மடத்திலிருந்து வெளியே வரவைக்க ஒரு தந்திரம் செய்தார்கள். ருஸ்தீசியுஸ் என்பவர் தம் மனைவி நோயுற்றுக் கிடப்பதாகச் சொல்லி மார்ட்டினின் காலில் விழுந்தார். நோயாளியைப் பார்க்கப் புறப்பட்டவரை, வழியில் பதுங்கியிருந்த கூட்டம் சூழ்ந்து, காவல்போட்டு நகருக்குக் கொண்டுபோனது.

மக்கள் ஒரே குரலாக அவரைக் கேட்டார்கள். வந்திருந்த ஆயர்களில் சிலருக்குத்தான் பிடிக்கவில்லை. அழுக்கு உடை, சீவாத தலை, பார்க்கவே சகிக்காத முகம், இவரா ஆயர் என்று கேட்டார்களாம். மக்கள் விடவில்லை.

ஆயரான பிறகு வாழ்க்கை மாறியதா?

மாறவில்லை. கோவிலை ஒட்டிய சிறு அறையில் கொஞ்ச காலம் இருந்தார். ஆட்கள் தொல்லை தாங்காமல் நகருக்கு வெளியே ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில், ஒருபக்கம் மலைச்சரிவும் மறுபக்கம் லோவார் நதியும் சூழ்ந்த இடத்துக்குப் போனார். பிற்பாடு மர்மூத்தியே மடம் என்று பெயர்பெற்ற இடம் அது. அவருக்கு மரத்தாலான ஒரு குடில். சீடர்கள் ஏறக்குறைய எண்பது பேர். பலர் பாறையைக் குடைந்து குகைகளில் தங்கினார்கள். தனக்கென்று எதுவும் கிடையாது, வாங்குவதும் விற்பதும் கிடையாது. நூல்களைப் படியெடுப்பது ஒன்றே அங்கே நடந்த தொழில். அதுவும் இளையவர்களுக்கு மட்டும், மூத்தவர்களுக்குச் செபம். நோயாளிகளைத் தவிர யாரும் திராட்சை இரசம் தொடுவதில்லை. அவர்களில் பலர் செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள். பின்னாளில் பல நகரங்கள் தங்களுக்கு ஆயர் வேண்டும் என்று இந்த மடத்தைத்தான் தேடிவந்தன.

பிற சமயத்தாரின் கோயில்களை இடித்தாராமே?

ஆம். இதை மறைப்பதில் பயனில்லை. அன்று கிறிஸ்தவம் நகரங்களில்தான் வேரூன்றியிருந்தது. கிராமங்கள் பழைய வழிபாட்டிலேயே இருந்தன. மார்ட்டின் கிராமம் கிராமமாகப் போனார். பல கோயில்களை இடித்தார், சிலவற்றுக்குத் தீ வைத்தார். சுல்பீசியுஸ் இதைப் பெருமையாகவே எழுதுகிறார்.

மிகப் புகழ்பெற்ற கதை ஊசியிலை மரம். ஓர் ஊரில் கோயிலை இடித்தபோது சும்மா இருந்த மக்கள், பக்கத்தில் இருந்த புனித மரத்தை வெட்டப்போனதும் எதிர்த்தார்கள். உன் கடவுள்மேல் நம்பிக்கை இருந்தால் நாங்களே வெட்டுகிறோம், விழும் பக்கத்தில் நீ நில் என்றார்கள். அவரும் ஒப்புக்கொண்டு, கட்டப்பட்டவராக அங்கே நின்றார். மரம் முறிந்து சாயும்போது சிலுவை அடையாளம் வரைந்தார். மரம் சுழன்று மறுபக்கம் விழுந்தது.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் இன்னொருவர் புனிதமாகக் கருதும் இடத்தை இடிப்பதை இன்று நான் நியாயப்படுத்தமாட்டேன். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையும் எதையும் திரு அவை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. நமக்கு வழி அதுதான். பல சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழும் நாம் மார்ட்டினைக் கொண்டாடும்போது இந்தப் பகுதியைப் பின்பற்ற வேண்டிய முன்மாதிரியாகச் சொல்லக்கூடாது. அவர் காலத்தின் நியாயம் அவரோடு போகட்டும்.

ஒன்றை மட்டும் கவனிக்கலாம். ஒருமுறை தொலைவில் வெள்ளைத் துணி காற்றில் பறக்க ஒரு கூட்டம் வருவதைப் பார்த்து, சிலையை வயல்களைச் சுற்றி எடுத்துவரும் ஊர்வலம் என்று நினைத்துச் சிலுவை வரைந்து அவர்களை அசையாமல் நிறுத்திவிட்டார். அருகில் போனால் அது சவ ஊர்வலம். உடனே கையை உயர்த்தி, அவர்கள் பிணத்தை எடுத்துக்கொண்டு போக வழிவிட்டார். தம் குரு தவறாகப் புரிந்துகொண்டதையும் சுல்பீசியுஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ஒரு மறைசாட்சியின் கல்லறையையே மூடிவிட்டார் என்கிறார்களே?

மடத்துக்கு அருகில் மறைசாட்சி ஒருவர் புதைக்கப்பட்டதாக மக்கள் நம்பி வணங்கிய இடம் ஒன்று இருந்தது. முந்தைய ஆயர்கள் பீடமும் எழுப்பியிருந்தார்கள். மார்ட்டின் மூத்த குருக்களிடம் கேட்டார்: இவர் பெயர் என்ன, எப்போது இறந்தார்? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் அங்கே போவதை நிறுத்தினார். பிறகு ஒருநாள் சில சகோதரர்களோடு போய்க் கல்லறைமேல் நின்று செபித்தார். கரிய உருவம் ஒன்று தோன்றி, நான் கொள்ளைக்காரன், குற்றங்களுக்காகக் கொல்லப்பட்டவன், மறைசாட்சிகளோடு எனக்கு ஒரு தொடர்பும் இல்லை என்றதாம். பீடத்தை அகற்றச் சொன்னார் மார்ட்டின். ஆவி பேசியதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மக்கள் கூட்டம் கூடுகிறது என்பதற்காகவே ஓர் இடத்தைப் புனிதம் என்று ஏற்காமல் பெயரும் காலமும் கேட்ட ஆயர் அவர்.

சாத்தான் கிறிஸ்துவின் வேடத்தில் வந்த கதை?

மார்ட்டின் வாயாலேயே கேட்டதாகச் சுல்பீசியுஸ் சொல்லும் கதை. அறையில் செபித்துக்கொண்டிருந்தவர் முன் ஒளிவெள்ளத்தில் ஓர் உருவம்: அரச உடை, மணிமுடி, பொற்காலணிகள், சிரித்த முகம். நானே கிறிஸ்து, உலகுக்கு வருமுன் உனக்குக் காட்சி தந்தேன் என்றது. மார்ட்டின் பேசவில்லை. மறுபடி சொன்னது. அப்போது அவர் சொன்னார்: ஊதா உடையிலும் மணிமுடியோடும் வருவேன் என்று என் ஆண்டவர் சொன்னதில்லை, பாடுபட்ட கோலத்தில், சிலுவைக் காயங்களோடு வந்தாலன்றி நம்பமாட்டேன். உருவம் புகையாய் மறைந்தது. அறையில் துர்நாற்றம் மட்டும் மிஞ்சியது.

ஆடையில்லாத ஏழையில் கிறிஸ்துவைக் கண்டவர், மணிமுடியில் அவரைக் காண மறுத்தார். அடுத்த பதிலுக்கு இதுவே திறவுகோல்.

த்ரியர் நகரில் என்ன நடந்தது? அதை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறீர்கள்?

அரசு கையில் இருக்கும்போது திரு அவை என்ன செய்யக்கூடாது என்று மார்ட்டின் காட்டிய இடம் என்பதால்.

மாக்சிமுஸ் என்ற தளபதி 383-இல் பேரரசர் கிராசியனை வீழ்த்தி, த்ரியரில் அரியணையில் அமர்ந்தான். ஆயர்கள் அவனைச் சுற்றி முகத்துதி செய்துகொண்டிருந்தார்கள். மார்ட்டின் விருந்துக்குப் போகவே நீண்ட நாள் மறுத்தார். ஒருவழியாகப் போனபோது, பணியாள் கிண்ணத்தை அரசனிடம் நீட்டினான். முதலில் ஆயருக்குக் கொடு என்றான் அரசன், அவர் கையிலிருந்து தான் வாங்கும் ஆசையில். மார்ட்டின் குடித்தார், கிண்ணத்தை அரசனிடம் கொடுக்காமல், உடன்வந்த தம் குருவிடம் கொடுத்தார்.

ஸ்பெயினில் அந்நேரம் பிரிசில்லியன் என்பவர் பெரிய சர்ச்சையாகியிருந்தார். கடுந்தவம் போதித்தவர், ஆவிலா நகரின் ஆயர். தப்பறை (திரு அவையின் போதனைக்கு மாறான கொள்கை) போதிக்கிறார், மந்திர தந்திரம் செய்கிறார் என்று இத்தாசியுஸ் முதலான ஆயர்கள் குற்றம்சாட்டி, வழக்கை மாக்சிமுஸின் நீதிமன்றம்வரை கொண்டுபோனார்கள். மந்திர தந்திரத்துக்கு அன்றைய சட்டத்தில் மரண தண்டனை.

மார்ட்டினுக்குப் பிரிசில்லியனின் கொள்கையில் உடன்பாடு இல்லை. ஆனாலும் த்ரியருக்குப் போனார். குற்றச்சாட்டை விட்டுவிடும்படி இத்தாசியுஸிடம் வாதாடினார். இரத்தம் சிந்தாதீர், தப்பறையாளர் என்று ஆயர்கள் தீர்ப்பளித்து அவர்களைத் திரு அவையிலிருந்து விலக்குவதே போதும், திரு அவையின் வழக்கை அரச நீதிபதி விசாரிப்பது இதுவரை இல்லாத அநியாயம் என்று மாக்சிமுஸிடம் மன்றாடினார். நீயும் தப்பறையாளனே என்று இத்தாசியுஸ் அவர்மேலேயே பழிபோட்டான். மார்ட்டின் ஊரில் இருந்தவரை விசாரணை தள்ளிப்போனது. உயிர்ச்சேதம் இராது என்று அரசனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு புறப்பட்டார். அவர் போனதும் வாக்கு காற்றில் போயிற்று. 385 வாக்கில் பிரிசில்லியனும் உடனிருந்தவர்கள் சிலரும் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்தவ அரசு ஒன்று தப்பறைக் குற்றச்சாட்டின் பின்னணியில் கிறிஸ்தவரைக் கொன்ற முதல் நிகழ்வாக இதை வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அதோடு முடியவில்லை. எஞ்சியவர்களை வேட்டையாட ஸ்பெயினுக்குப் படையதிகாரிகளை அனுப்ப மாக்சிமுஸ் ஏற்பாடு செய்தான். வெளிறிய முகமும் எளிய உடையும் கண்டாலே தப்பறையாளர் என்று வெட்டும் நிலைமை. மார்ட்டின் மீண்டும் த்ரியருக்கு வந்தார். முந்தைய பேரரசருக்கு விசுவாசமாக இருந்த இரண்டு அதிகாரிகளின் உயிருக்காகவும் பேச வேண்டியிருந்தது. இத்தாசியுஸின் கூட்டத்தோடு நற்கருணையில் பங்குகொள்ள அவர் மறுத்தார். கோபம்கொண்ட அரசன் அவர் யாருக்காகப் பேச வந்தாரோ அவர்களைக் கொல்ல ஆள் அனுப்பினான். செய்தி தெரிந்தபோது இரவு. மார்ட்டின் அரண்மனைக்கு ஓடினார். அவர்களை விட்டுவிடு, ஸ்பெயினுக்குப் போனவர்களைத் திரும்ப அழை, நான் நற்கருணையில் சேர்கிறேன் என்றார். மறுநாள் த்ரியரின் புதிய ஆயர் ஃபெலிக்ஸின் திருநிலைப்பாட்டில் அந்த ஆயர்களோடு சேர்ந்து நின்றார். அந்த உறவை உறுதிசெய்து கையெழுத்துப் போடச் சொன்னதற்கு மட்டும் கடைசிவரை இணங்கவில்லை.

திரும்பும் வழியில், காட்டுக்குள், உடன்வந்தவர்களை முன்னால் போகவிட்டு உட்கார்ந்து தன்னைத்தானே நொந்துகொண்டார். வானதூதர் தோன்றி, நீர் வருந்துவது சரியே, ஆனால் வேறு வழியில் நீர் வெளியே வந்திருக்க முடியாது என்றார். அதன்பின் இறக்கும்வரை எந்த ஆயர் மன்றத்துக்கும் அவர் போகவில்லை. தம்மிடமிருந்த குணமளிக்கும் வல்லமை குறைந்துவிட்டதாகக் கண்ணீரோடு சொன்னதைச் சுல்பீசியுஸ் பதிவுசெய்கிறார்.

மிலான் ஆயர் அம்புரோசும் அந்த ஆயர்களோடு உறவு கொள்ள மறுத்தார். திருத்தந்தை சிரீசியுஸும் கண்டித்தார். ஆனால் தமக்கு உடன்பாடில்லாத ஒருவரின் உயிருக்காக அரண்மனை வாசலில் நின்றவர் மார்ட்டின். உயிர்களைக் காப்பாற்றத் தம் மனச்சாட்சியில் காயம் ஏற்றுக்கொண்டு, அந்தக் காயத்தை நியாயப்படுத்தாமல் சுமந்தவரும் அவரே. இந்த ஒரு நிகழ்வுக்காகவே அவர் நம் பீடங்களில் இருக்கத் தகுதியானவர் என்பேன்.

எப்படி இறந்தார்?

குருக்களிடையே இருந்த சண்டையைத் தீர்க்கப் போன இடத்தில். லோவாரும் வியேன் நதியும் கூடும் காண்ட் என்ற ஊர். சமாதானம் செய்துவைத்துத் திரும்பும் நேரத்தில் உடல் ஓய்ந்துவிட்டது. தந்தையே, எங்களை ஏன் விட்டுப்போகிறீர், ஓநாய்கள் மந்தையில் புகுமே என்று சீடர்கள் அழுதார்கள். அவரும் அழுது, ஆண்டவரே, உம் மக்களுக்கு இன்னும் நான் தேவையென்றால் உழைப்பை மறுக்கவில்லை, உம் விருப்பம் ஆகட்டும் என்று செபித்தார். சாம்பலில் படுத்திருந்தார், வைக்கோல் விரிக்கவும் விடவில்லை. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னவர்களிடம், மண்ணைவிட விண்ணைப் பார்க்கவிடுங்கள் என்றார்.

உடனே உடலுக்குச் சண்டை. எங்கள் துறவி என்றார்கள் புவாத்தியே ஊரார், எங்கள் ஆயர் என்றார்கள் தூர் ஊரார். உங்களிடம் இருந்தபோது இறந்தோர் இருவரை எழுப்பினார், எங்களிடம் ஒருவரைத்தான், எனவே பாக்கி இருக்கிறது என்றுகூட வாதாடினார்களாம்! இரவில் புவாத்தியே ஊரார் தூங்கிவிட, தூர் ஊரார் உடலைச் சன்னல் வழியாக வெளியே கொடுத்து, படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிரகோரியார் சொல்லும் கதை இது.

அவர் கல்லறை இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது, பலமுறை அழிந்து மீண்டதாக. ஆயர் பெர்ப்பெத்துவுஸ் 5-ஆம் நூற்றாண்டில் பெரிய ஆலயம் கட்டினார். ஐரோப்பாவின் முக்கியத் திருத்தலங்களில் ஒன்றாயிற்று. அந்தப் பாதிப் போர்வை என்று நம்பப்பட்டதைப் பிராங்கிய அரசர்கள் காத்துவந்தார்கள். அதன்மேல் ஆணையிட்டு உறுதிமொழி எடுத்தார்கள். 1562-இல் சமயப் போரின்போது திருப்பண்டங்கள் எரிக்கப்பட்டன. சிறு பகுதியே மிஞ்சியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஆலயமும் இடிக்கப்பட்டு, அதன்மேல் தெருவே போடப்பட்டது. பழைய கோபுரங்கள் இரண்டு மட்டும் நின்றன. லியோன் பாப்பேன் துய்ப்போன் என்ற பொதுநிலையினரின் விடாமுயற்சியால் 1860 டிசம்பரில் கல்லறை இருந்த இடம் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைய பேராலயத்தின் வேலை 1886-இல் தொடங்கியது. கல்லறை அதன் நிலவறையில் உள்ளது.

விளக்கு ஊர்வலமும் வாத்து விருந்தும் எதற்கு?

ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளில் நவம்பர் 11-ஐ ஒட்டிப் பிள்ளைகள் காகித விளக்குகளோடு பாடிக்கொண்டு போவார்கள். பல ஊர்களில் முன்னால் சிவப்புப் போர்வையோடு ஒருவர் குதிரையில் வருவார். அறுவடையும் குத்தகைக் கணக்கும் முடியும் காலம் அது. முற்காலத்தில் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நோன்பு இந்த நாளுக்குப் பிறகே தொடங்கியது. கொழுத்த வாத்தைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு நோன்புக்குள் போனார்கள். வாத்து கத்திக் காட்டிக்கொடுத்த கதை இந்த விருந்துக்குக் காரணம் சொல்லப் பிறந்ததாகவே தோன்றுகிறது.

யாருக்கெல்லாம் பாதுகாவலர்?

படைவீரர், பிச்சையெடுத்து வாழ்வோர், தையல்காரர், திராட்சைத் தோட்டக்காரர், விடுதி நடத்துவோர். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் நகருக்கும் இவரே பாதுகாவலர்.

பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லலாம்?

போர்வைக் கதையைச் சொல்லுங்கள், கட்டாயம். அதோடு அவித்தியானுஸ் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்; நம் மறைக்கல்வி வகுப்புகளில் அது வருவதேயில்லை. கொடூரமான அதிகாரி அவன். சங்கிலியிட்ட கைதிகளின் வரிசையோடு தூர் நகருக்கு வந்து, மறுநாள் தண்டனைகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் தூங்கப்போனான். நள்ளிரவில் மார்ட்டின் தனியாகப் போய், பூட்டிய கதவுக்கு வெளியே வாசற்படியில் விழுந்து கிடந்தார். கடவுளின் ஊழியர் உன் வாசலில் கிடக்கிறார், நீ தூங்குகிறாயா என்று யாரோ உலுக்கியதுபோல அவித்தியானுஸ் விழித்தான். பணியாளர்கள் போய்ப் பார்க்காமலே, இந்நேரத்தில் யார் வருவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி தூங்கினான், மறுபடி உலுக்கப்பட்டான். இம்முறை தானே எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். மார்ட்டின் பேசத் தொடங்குமுன்பே, ஒன்றும் சொல்ல வேண்டாம், நீர் எதற்கு வந்தீர் என்று தெரியும் என்றான். கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள், அவனும் ஊரைவிட்டுப் போனான்.

பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்தக் கதை புரியும். நடித்துக் காட்டவும் ஏற்றது: ஒரு கதவு, இரண்டு பணியாளர், ஓர் அதிகாரி, வாசற்படியில் ஓர் ஆயர் போதும்.